சந்தியாகப்பரும் மிளகு மூட்டைகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியில் கெர்லிட்ஸிலிருந்து எர்ஃபுர்ட் வரை நடந்ததைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் அதைத் 'திருப்பயணம்' என்று நீங்கள் சொன்னது எனக்கு உறுத்துகிறது.

நான் திருச்சிக்காரி. கத்தோலிக்கக் குடும்பம். என் அம்மா பதினொரு முறை வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கிறார். தம்பிக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது வைத்த நேர்ச்சை. காவிப் புடவை, வெறுங்கால், வாயில் செபமாலை. ஆகஸ்ட் கடைசியில் தார்ச்சாலை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் திருப்பயணம் என்று பெயர்.

நீங்கள் நடந்த 'வியா ரெஜியா' இடைக்கால வணிகச் சாலை என்று படித்தேன். துணியும் தோலும் சாயமும் போன வழி. 2003-ல்தான் யாரோ சந்தியாகப்பர் திருப்பயணிகளின் சிப்பி அடையாளம் ஒட்டி அதைத் திருப்பயண வழியாக்கியிருக்கிறார்கள். அதுவும் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த லூத்தரின் நாட்டில், பெரும்பாலும் எந்தக் கோவிலுக்கும் போகாத மக்களின் நடுவில். சந்தைக்குப் போன வழியில் சிப்பியை ஒட்டிவிட்டால் அது புனித வழியாகிவிடுமா? இது சுற்றுலாக்காரர்களின் வேலை இல்லையா? உங்களுக்கு என்ன நேர்ச்சை இருந்தது?

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். நான் இப்போது லைப்ஸிக்கில் படிக்கிறேன். மே மாதம் இரண்டு வாரம் ஓய்வு இருக்கிறது. அந்த வழியில் தனியாக நடக்கலாமா? பூசை கிடைக்குமா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் குற்றச்சாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. அதோடு நானும் ஒன்றைச் சேர்த்துத் தருகிறேன். அந்தப் பாதையில் 2003-ல்தான் சிப்பி ஏறியது என்பது சரி. ஆனால் அது பழைய வியா ரெஜியாவின் மேல்கூடப் பெரும்பாலும் போவதில்லை. வணிகர்களின் வண்டித்தடம் கிடந்த இடத்தில் இன்று நெடுஞ்சாலைகள் கிடக்கின்றன. பல இடங்களில் நான்காம் எண் ஆட்டோபான் அந்த வேலையைப் பார்க்கிறது. லாரிகளுக்கு நடுவே நடக்க யாருக்கும் ஆசை இருக்காது என்பதால், பாதையை வகுத்தவர்கள் அதைப் பக்கத்துக் கிராமங்கள், வயலோரங்கள், காட்டுத் தடங்கள் வழியாகத் திருப்பிவிட்டார்கள். போலந்து எல்லையில் இருக்கும் கெர்லிட்ஸிலிருந்து துரிங்கியாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஃபாக்கா வரை, 450 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் எர்ஃபுர்ட்டோடு நின்றுவிட்டேன். மனம் ஃபாக்கா வரை போகத் தயாராக இருந்தது, இடது முழங்கால் இல்லை.

இன்னொன்று. அந்தப் பாதை தன்னைக் கத்தோலிக்க வழி என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. அதன் பெயரிலேயே கிறிஸ்தவ ஒன்றிப்பு இருக்கிறது. லூத்தரன் குருமனைகளும் கத்தோலிக்கப் பங்குகளும் எந்தச் சபையிலும் இல்லாத வீட்டுக்காரர்களும் சேர்ந்து தங்க இடம் தருகிறார்கள். அதில் கத்தோலிக்கனாக நடந்தது என் பாடு. உங்கள் பாடாகவும் இருக்கலாம்.

இனி சந்தைக்கு வருவோம். நீங்கள் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வியா ரெஜியா என்றால் அரசனின் வழி. கோயம்புத்தூருக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம், பாறையில் வெட்டிய கல்வெட்டில் 'இராசகேசரிப் பெருவழி' என்று இருக்கிறதே, ஏறக்குறைய அதே எண்ணம். வழி அரசனுடையது, அதில் போகிறவன் அவனுடைய காவலில் போகிறான். சாக்சனியின் ஆவணங்களில் 1252-லேயே இந்தச் சாலை அரச வழியாகக் குறிக்கப்படுகிறது. மேற்கே மைன் நதிக்கரையில் ஃபிராங்க்ஃபர்ட், நடுவில் எர்ஃபுர்ட், லைப்ஸிக், கிழக்கே கெர்லிட்ஸ், அதைத் தாண்டி இன்று விரோட்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் பிரெஸ்லாவ், கிராக்கோவ். மேற்கிலிருந்து ஃபிளாண்டர்ஸின் துணி வந்தது. கிழக்கிலிருந்து தோல், மெழுகு, தேன்.

இதில் வணிகனுக்குச் சுதந்திரம் எதுவும் கிடையாது. இந்த வழியாகத்தான் போக வேண்டும். கிளைப்பாதையில் வண்டியைத் திருப்பினால் சரக்கு பறிபோகும். காவலுக்கு வரும் ஆட்களுக்குக் கூலி கட்ட வேண்டும். நம் கல்வெட்டுகளில் வரும் பாடிகாவல் வரி நினைவுக்கு வருகிறது. சில நகரங்களுக்கு ஒரு சலுகை உண்டு: அங்கே வந்த வணிகன் சில நாள் தங்கி, மூட்டையை அவிழ்த்து, ஊர்க்காரர்களுக்கு விற்பனைக்கு வைத்துவிட்டுத்தான் மேலே போகலாம். கெர்லிட்ஸ் 1339-ல் அந்தச் சலுகையை ஒரே ஒரு சரக்குக்காக வாங்கியது. அந்தச் சரக்கு நீலச் சாயம்.

துரிங்கிய வயல்களில் 'வைட்' என்றொரு செடி விளைந்தது. இலையை அரைத்து, உருண்டை பிடித்துக் காயவைத்து, பிறகு மூத்திரம் ஊற்றி ஊறவைத்து, நாற்றம் ஊரைத் தூக்க, அதிலிருந்து நீலம் எடுத்தார்கள். எர்ஃபுர்ட்டில் இன்று நீங்கள் வாய்பிளந்து பார்க்கப்போகும் பணக்கார வீடுகள் பல அந்த நாற்றத்தில் எழுந்தவை. அந்த நீலம் பிறகு எப்படி வீழ்ந்தது தெரியுமா? நம் அவுரியால். கடல் வழியாக இந்திய நீலம் வந்து இறங்கியபோது, கொஞ்சம் போட்டாலே நிறையச் சாயம் ஏறியது. வைட் வணிகர்கள் அலறினார்கள். 1577-ல் பேரரசின் சட்டமே அவுரியைச் சாத்தானின் சாயம் என்று பழித்துத் தடை செய்தது. தடையால் ஒன்றும் ஆகவில்லை. தடைகளால் என்றைக்கு ஆனது? எர்ஃபுர்ட்டில் ஒரு பழைய வைட் வீட்டின் முன்னால் நின்றபோது, என் பங்காளி எவனோ செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

சரி, இதில் புனிதம் எங்கே என்று கேட்பீர்கள். திருப்பயணிக்கென்று தனியாகச் சாலை போட்டவர் அந்தக் காலத்தில் யாரும் இல்லை. எங்கே பாலம் இருந்ததோ, எங்கே கொள்ளையர் பயம் குறைவோ, எங்கே இரவுக்குக் கூரையும் ரொட்டியும் கிடைக்குமோ, அங்கே அவன் நடந்தான். அதையெல்லாம் செய்து வைத்தது வணிகம். வணிகச் சாத்து போன வழியில் சந்நியாசியும் போவான். பல சமயம் இருவரும் ஒரே ஆள்.

கெர்லிட்ஸில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அப்படி ஓர் ஆளின் வேலை. கெயோர்க் எம்மெரிக் என்ற வணிகர் வீட்டுப் பிள்ளை. பக்கத்து வணிகர் வீட்டுப் பெண் அவனால் கருவுற்றாள். மணக்க மறுத்தான். ஊரே இரண்டாகப் பிரிந்தது. 1465-ல் அவன் எருசலேமுக்குப் போனான். பாவப் பரிகாரம் என்கிறது கதை. ஊர் ஆறட்டும் என்று வீட்டார் அனுப்பினார்கள் என்று நினைக்க எனக்கு உரிமை இருக்கிறது. திரும்பி வந்து பெரும் பணக்காரனானான், நகரத் தலைவனானான். எருசலேமில் பார்த்த ஆண்டவரின் கல்லறையை அப்படியே தன் ஊரில் கட்ட வேண்டும் என்று முனைந்தான். 1480-ஐ ஒட்டித் தொடங்கி 1504 வாக்கில் முடிந்த அந்தக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. எருசலேமின் கல்லறை மண்டபம் பிறகு இடிந்தும் எரிந்தும் மாறிவிட்டது. இடைக்காலத்தில் அது எப்படி இருந்தது என்று பார்க்க இப்போது கெர்லிட்ஸுக்கு வருகிறார்கள்.

கல்லறையின் வாசல் குனிந்து நுழையும்படி இருக்கிறது. நான் குனிந்தேன், முதுகுப்பை மேலே இடித்தது. உள்ளே ஒன்றும் இல்லை, ஆண்டவரின் கல்லறையில் இருக்க வேண்டியபடியே. அந்தச் சின்ன அறைக்குள் நின்று, ஒரு பெண்ணுக்குச் செய்த துரோகமும் சாயத்திலும் துணியிலும் சேர்த்த காசும் உண்மையான பக்தியும் எந்த விகிதத்தில் கலந்தால் இப்படி ஒரு கட்டடம் வரும் என்று யோசித்தேன். பிரித்தெடுக்க முடியவில்லை. எம்மெரிக்காலும் முடிந்திருக்காது.

அதனால்தான் உங்கள் அம்மாவின் வேளாங்கண்ணியை வைத்து இந்தப் பாதையை நீங்கள் அடிப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. வேளாங்கண்ணியின் மரபுக் கதைகளை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பால் கொண்டுபோன பையன். மோர் விற்ற, நடக்க முடியாத பையன். புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பல்காரர்கள். பால்காரன், மோர்க்காரன், சரக்குக் கப்பல்! சீனக் கரையின் மக்காவ் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் போன வணிகர்கள் கரையேறிய நாள்தான் மாதாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 என்றும், அவர்கள் கட்டியதுதான் கோவில் என்றும் நாம் எல்லோரும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். மாதா வணிகர்களிடம் முகம் சுளித்ததாக நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் அம்மா வெறுங்காலால் நடந்த அந்தத் தார்ச்சாலையில் பக்கத்தில் போனதும் உரமூட்டை லாரிதானே.

மீண்டும் உயிர்ப்பித்த வழி என்ற குறையைப் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் மதிக்கும் ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகப்பர் வழியும் அப்படி உயிர்ப்பித்ததுதான். 1980-களில் ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞா கையில் மஞ்சள் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பி, வழியெங்கும் அம்புக்குறி போட்டார். அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆண்டுக்கு மூவாயிரம் பேருக்கும் குறைவாகவே நடந்து போய்ச் சான்றிதழ் வாங்கினார்கள். 2024-ல் அது ஐந்து லட்சத்தைத் தொட ஆயிரத்துக்கும் குறைவாகவே பாக்கி. பாதை தூர்ந்துபோவதும் பிறகு யாரோ ஒருவர் பெயின்ட் டப்பாவோடு கிளம்புவதும் அதன் இயல்பு. உங்கள் பாதையில் அந்தப் பெயின்ட் நீலத்தின் மேல் மஞ்சள் சிப்பியாக வந்திருக்கிறது.

சந்தியாகப்பர் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். ஜெர்மானியர் அவரை யாக்கோபுஸ் என்கிறார்கள். சந்தியாகு என்ற ஸ்பானிய, போர்ச்சுகீசியப் பெயரையே நாவில் வைத்துக்கொண்டு அதோடு ஓர் அப்பரையும் சேர்த்துவிட்டது தமிழ். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் கோவிலுக்கு நான் சிறுவயதில் போயிருக்கிறேன். திருவிழாவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர் அல்லர்.

அந்தப் பாதிப்பேர் எனக்கு நினைவுக்கு வந்தது சாக்சனியின் ஒரு சின்ன ஊரில்தான். மழை. ஆறு மணிக்கு மேல் ஆகிவிட்டது. கோவில் பூட்டியிருந்தது. கதவில் ஒரு காகிதம், அதில் திருப்பயணிகளுக்கு என்று ஒரு தொலைபேசி எண். அழைத்தேன். என் ஜெர்மன் மொழியை நீங்கள் கேட்டதில்லை, அது உங்கள் அதிர்ஷ்டம். பத்து நிமிடத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா ரப்பர் பூட்ஸோடு சைக்கிளில் வந்தார். சாவிக்கொத்து கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தது. கோவிலை ஒட்டிய அறையைத் திறந்தார், ஹீட்டரைப் போட்டார், காபி வைத்தார். நீங்கள் இந்தச் சபையா என்று கேட்டேன். இல்லை, நான் ஞானஸ்நானமே பெறாதவள் என்றார். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் வளர்ந்தவர். அவர் கணவர் கோவில் மணியைப் பழுதுபார்த்தவராம். கணவர் போன பிறகு சாவி வீட்டிலேயே தங்கிவிட்டது. ஊரில் வேறு யாரும் கேட்கவும் இல்லை. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை, சுவரில் இருந்த உண்டியலைக் காட்டினார். பிறகு, சாவியைச் சுற்றிக்கொண்டே, மழையில் வருகிறவர்கள் எல்லோரும் ஏன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் அவர் வந்ததும் முதலில் மன்னிப்புத்தான் கேட்டிருந்தேன்.

வேளாங்கண்ணி வழியில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர்களா என்ன?

லூத்தர் இருந்தால் என்னைத் திட்டியிருப்பார். ஜெர்மானியப் பிரபுக்களுக்கு 1520-ல் எழுதியபோது அவர் புனித யாத்திரைகளை ஒழிக்கச் சொன்னார். வீட்டில் மனைவி மக்களை விட்டுவிட்டு ரோமுக்குப் போவதில் என்ன புண்ணியம் என்பது அவர் கேள்வி. அந்த ஸ்பெயின் வழி போய் முடியும் காம்போஸ்தெலாவின் கல்லறையில் இருப்பது சந்தியாகப்பரா செத்த நாயா யாருக்குத் தெரியும் என்றும் ஒரு பிரசங்கத்தில் கேட்டார். அவர் வாழ்ந்த நிலத்தில், அவருடைய சபையின் குருமனைகளில், இன்று காம்போஸ்தெலாவின் சிப்பியைத் தொங்கவிட்டுக்கொண்டு திருப்பயணிகள் தூங்குகிறார்கள். இதில் யார் தோற்றார்கள் என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன்.

பௌட்சனில் இது கண்ணுக்குத் தெரியும். அங்கே தூய பேதுரு பேராலயம் 1524 முதல் இரு சபைகளுக்கும் பொது. பீடப் பக்கம் கத்தோலிக்கருக்கு, மக்கள் அமரும் நடுக்கூடம் லூத்தரன்களுக்கு. நடுவே ஒரு கம்பித் தடுப்பு. முன்பு ஆளுயரத்துக்கும் மேலே நின்றதாம், இப்போது இடுப்பளவு. ஐந்நூறு ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ், முறை வைத்துக்கொண்டு. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரித்த வீட்டைப் பார்த்தது போல இருந்தது. முற்றத்தில் கோடு போட்டிருப்பார்கள், ஆனால் கிணறு ஒன்றுதான்.

பௌட்சனைத் தாண்டியதும் உங்கள் மனம் குளிரும். அங்கே சோர்பியர்கள் இருக்கிறார்கள். ஸ்லாவிய இனம், சொந்த மொழி, ஊர்ப்பலகைகளெல்லாம் இரு மொழியில். சுற்றி எல்லோரும் லூத்தரன்களான பிறகும், பௌட்சனுக்கும் காமென்ஸுக்கும் இடையிலுள்ள இந்தக் கிராமங்கள் கத்தோலிக்கமாகவே இருந்துவிட்டன. வழியெல்லாம் பாடுபட்ட சுரூபங்கள், பொன்முலாம் பூசிய கிறிஸ்து, காலடியில் புதுப் பூ. குரோஸ்ட்விட்ஸ் ஊரில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து இயேசுவுக்குப் புகழ் என்ற பொருளில் வணக்கம் சொன்னார். வாய் தன்னையறியாமல் தமிழில் 'மரியே வாழ்க' என்றது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார், சரியான பதிலைக் கேட்டவர் போல. உயிர்ப்பு ஞாயிறன்று இந்த ஊர்களின் ஆண்கள் உயரத் தொப்பி வைத்துக் குதிரையில் ஏறி, ஆண்டவர் உயிர்த்தார் என்று ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்குப் பாடிக்கொண்டு போகிறார்கள். மேயில் போகிற உங்களுக்கு அது கிடைக்காது.

பக்கத்திலேயே மரியன்ஸ்டெர்ன் கன்னியர் மடம். 1248-ல் தொடங்கியது. சீர்திருத்தம், முப்பதாண்டுப் போர், ஹிட்லர், கம்யூனிஸ்டுகள் எல்லாவற்றையும் தாண்டி அங்கே ஒருநாளும் செபம் நின்றதில்லை என்கிறார்கள். மாலைச் செபத்துக்குப் போய் உட்கார்ந்தேன். சில பாட்டிகளின் குரல், அவ்வளவுதான். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். திருச்சபை என்னைத் தூங்கவைத்தது அது முதல் முறையல்ல, ஆனால் அதற்காக நன்றி சொன்னது அதுதான் முதல் முறை.

காமென்ஸ் வந்ததும் நான் ஒரு பெரிய விலகல் செய்தேன். பாதையை விட்டு ரயிலேறிப் பக்கத்திலுள்ள புல்ஸ்னிட்ஸ் ஊருக்குப் போனேன். தமிழ் படித்த யாரும் போகாமல் இருக்கக் கூடாது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் 1682-ல் பிறந்தது அங்கேதான். காமென்ஸிலும் பிறகு கெர்லிட்ஸிலும் படித்தார். அந்த ஊர்ப் பையன் கெர்லிட்ஸுக்குப் படிக்கப் போக இந்தப் பெருவழியை விட்டால் வேறு நல்ல வழி இருந்திருக்காது என்று நினைக்கிறேன். நான் கால்வலியோடு மேற்கே வந்த தடத்தில் அவர் கிழக்கே போயிருப்பார். பிறகு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவர் லூத்தரன். அவருடைய வழிவந்தவர்களை எதிர்த்து நம் வீரமாமுனிவர் தமிழிலேயே கடுமையாக எழுதினார். சாக்சனியில் தொடங்கிய சண்டை காவிரிக் கரையில் நல்ல உரைநடையாக வந்து விழுந்தது, தமிழுக்கு இரண்டு பக்கமும் லாபம்.

புல்ஸ்னிட்ஸின் இன்னொரு பெருமை மிளகு கேக். தேனும் மாவும் மசாலாவும் கலந்து சுடுவது, 1558 முதல் அந்த ஊர் ரொட்டிக்காரர்களுக்கு அதைச் சுட உரிமை உண்டு. வாங்கித் தின்றேன். மிளகே இல்லை! கிராம்பு, பட்டை, ஏலம் எல்லாம் இருக்கின்றன. கேட்டால், கடல்தாண்டி வந்த எல்லா மசாலாவுக்கும் அந்தக் காலத்தில் மிளகு என்றுதான் பெயராம். காசுள்ள வணிகனையே 'மிளகு மூட்டை' என்று கேலி செய்வது ஜெர்மானிய வழக்கம். மலையாளக் கரையில் கொடியில் காய்த்தது சாக்சனியில் ஒரு வசவாகி இருக்கிறது. நீங்கள் குறைசொன்ன அந்தச் சந்தை இல்லாவிட்டால் அந்தக் கேக் இல்லை. தரங்கம்பாடிக்குச் சீகன்பால்க்கை ஏற்றிவந்த கப்பலும் இருந்திருக்காது.

இனி உங்கள் நடைமுறைக் கேள்விகள்.

இரண்டு வாரத்தில் முழு வழியும் முடியாது, முயலவும் வேண்டாம். கெர்லிட்ஸில் தொடங்கி லைப்ஸிக்கில் முடியுங்கள், சொந்த அறைக்கு நடந்தே வந்து சேரும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கத்தோலிக்கர் எண்ணிக்கையில் கெர்லிட்ஸ் ஜெர்மனியிலேயே மிகச் சிறிய மறைமாவட்டம். அதன் பேராலயம் சந்தியாகப்பர் பெயரில் இருக்கிறது. அங்கே பூசை கண்டுவிட்டுக் கிளம்புங்கள். பௌட்சனிலும் சோர்பியக் கிராமங்களிலும் பூசைக்குக் குறைவிருக்காது. காமென்ஸைத் தாண்டி லைப்ஸிக் வரை நாளும் கிழமையும் பார்த்துத் திட்டமிட வேண்டும். ஒரு ஞாயிறு எனக்குத் தவறிவிட்டது. அன்று ஒரு லூத்தரன் ஆராதனையில் பதினோரு பேரோடு பன்னிரண்டாவதாக உட்கார்ந்தேன். நற்கருணை வாங்கவில்லை, நம் சபையின் ஒழுங்கு அது. ஆனால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி எனக்குப் பக்கம் எடுத்துக் கொடுத்தவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. லைப்ஸிக்கில் புது நகர மன்றத்துக்கு எதிரே 2015-ல் கட்டி முடித்த கத்தோலிக்கக் கோவில் இருக்கிறது, நீங்களே போயிருப்பீர்கள்.

தனியாக நடப்பது பற்றி: பெண்ணுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். வழியில் நான் சந்தித்தவர்களில் தனியாக வந்த பெண்கள்தான் அதிகம், ஆசிரியை, செவிலி, ஓய்வுபெற்ற நீதிபதி. அவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொன்னது நாயைப் பற்றித்தான். அடுத்த இரவு தங்கும் இடத்துக்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். திருப்பயணி அட்டையை மறக்க வேண்டாம், அது இருந்தால்தான் தங்க விடுவார்கள், முத்திரையும் குத்துவார்கள். வெறுங்காலால் நடக்க வேண்டாம். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சாக்சனியின் சரளைக்கல்லுக்கு நேர்ச்சை தெரியாது.

நேர்ச்சையைக் கேட்டிருந்தீர்கள். எனக்கு எதுவும் இருக்கவில்லை. மகள் டிரெஸ்டனில் வேலை பார்க்கிறாள், போன இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை, கிளம்பிவிட்டேன். இந்த வட்டாரத்தில் மிகப் பெரிய நேர்ச்சை வைத்தவர் யார் தெரியுமா? லூத்தர்தான். 1505-ல் எர்ஃபுர்ட்டுக்குத் திரும்பும் வழியில், ஊருக்கு வெளியே இடி மின்னலில் சிக்கி, அன்னம்மாளே காப்பாற்றும், துறவியாகிறேன் என்று கத்தினாராம். உங்கள் அம்மாவின் நேர்ச்சைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. பயந்தவன் வாயில் வருவது ஒன்றுதான்.

தங்கும் இடங்களில் ஒரு பெரிய பதிவுப் புத்தகம் வைத்திருப்பார்கள். பெயர், ஊர், எங்கே போகிறீர்கள். சில புத்தகங்களில் எதற்காக என்றும் ஒரு பத்தி இருக்கும். முன்னால் போனவர்கள் என்னென்னவோ எழுதியிருப்பார்கள்: விவாகரத்து, மகனின் தேர்வு, உடல் எடை. லைப்ஸிக் வரை நான் அந்தப் பத்தியைக் காலியாகவே விட்டேன். நௌம்பர்க்கில், பேராலயத்தின் கற்சிலைகளைப் பார்த்துவிட்டு வந்த மாலையில், ஒரு பெயரை எழுதினேன். யார் பெயர் என்று இந்தத் தளத்தில் சொல்வதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மதியத்துக்குள் ரொட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புல்ஸ்னிட்ஸுக்குப் போனால் மிளகு கேக் இரண்டு பொட்டலம் வாங்குங்கள், ஒன்று வழிக்கு, மற்றொன்றை அம்மாவுக்கு அனுப்புங்கள். அது கெட்டுப்போக வெகு நாள் ஆகும். வணிகர்களுக்காகச் செய்தது அல்லவா.

அன்புடன்